லேசாக ஏறிய ஃபில்டர்

கடைக்காரருக்கு அந்தத் தெருவில் விரலளவு என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்; உள்ளூர அவருக்கு அதில் பெருமைதான். பழைய கார்களுக்கு உதிரிபாகம் விற்கிற கடை. வாசலில் ஒரு ஆள் நிற்கிற அகலம், உள்ளே போகப் போக நீளம். இரண்டு பக்கமும் தரையிலிருந்து கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள். கம்பெனி போட்ட பொடி எண்ணைத் தவிர, எதில் எது இருக்கிறது என்று ஒரு பெட்டியின் மேலும் அவர் எழுதிவைத்ததில்லை. பெல்ட், பிரேக் கட்டை, பிளக், பம்ப், இதெல்லாம் போக ஆயில் ஃபில்டர். செய்த கம்பெனியே மறந்துபோன கார்களுக்குக்கூட அவரிடம் ஃபில்டர் கிடைக்கும். கேட்டு வருகிறவன் கழற்றிய பழைய ஃபில்டரைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவருவான். இவர் வாங்கி, நடு ஓட்டைக்குள் கட்டைவிரலை விட்டு ஒரு சுற்று. ரப்பர் வளையத்தின் மேல் ஆள்காட்டி விரலால் ஒரு தடவல். அவ்வளவுதான். திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி ஒரு பெட்டியை உருவுவார்.

ஆனாலும் விரலை மட்டும் நம்பி அவர் சரக்கு கொடுத்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேசையின் ஓரத்தில் ஒரு இரும்புப் பட்டை. அதில் நாலு போல்ட்டுகள் நட்டுக்க நிற்கும். நாலும் நாலு அளவு மரை, அதாவது திருகுப் புரி. புது ஃபில்டர் எதுவானாலும், அந்தந்தக் காருக்குரிய போல்ட்டில் திருகிப் பார்த்த பிறகுதான் கையை விட்டுப் போகும். ஆடாமல், கொஞ்சம் முரண்டு பிடித்து ஏற வேண்டும். இருபத்தேழு வருஷமாக அந்தக் கடையின் சட்டம் அது. வேலைக்கு இருந்த ஒருத்தன் அவசரத்தில் திருகிப் பார்க்காமல் கொடுத்துவிட்டான் என்று அன்றைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பியவர்.

அந்தச் சட்டத்தை அவரே ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மீறினார்.

மகளும் மாப்பிள்ளையும் ஐந்து மாசக் குழந்தையோடு பத்து நாள் தங்கிப் போக வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு வேலை மலைக்கு அந்தப் பக்கம். காரில் ஐந்து மணி நேரம். கார் அவருடைய அப்பா ஓட்டியது, இருபத்திரண்டு வயசு. மாப்பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர். குரல் உயராது. எதையும் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் செய்வார். கடைக்காரருக்கு மாப்பிள்ளை மேல் குறையொன்றும் இல்லை; ஆனால் அந்த ஆளுக்கு முன்னால் தன்னுடைய வாயே கொஞ்சம் பெரிதாகிவிடுகிறது என்பது அவருக்கே தெரியும். என்ன செய்வது, தெரிந்தும் அடங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது மாப்பிள்ளைதான் பேச்சை எடுத்தார்.

"மாமா, திங்கக்கிழமை கிளம்பறதுக்கு முன்னாடி காருக்கு ஆயில் மாத்திடலாம்னு பார்க்கறேன். ஃபில்டரும் சேர்த்து. கம்பெனிப் பட்டியல்ல நம்பர் பார்த்து வச்சிருக்கேன்" என்று போனை நீட்டினார்.

கடைக்காரர் போன் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை. "பட்டியலா? அந்தப் பட்டியல் போட்டவன் உங்க காரை ஒரு தடவையாவது குனிஞ்சு பார்த்திருப்பானா மாப்பிள்ளை? அவன் ஏ.சி. குளிர்ல உக்காந்து தட்டுறான். நான் எண்ணெய்லயே ஊறினவன்."

"இல்ல மாமா, இந்த மாடல்ல ரெண்டு விதமா மரை வந்திருக்காம். வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கவனமா எடுக்கணும்னு போட்டிருக்கு."

"எனக்கே மரை சொல்லித் தர்றீங்களா? நீங்க குழந்தையைத் தூக்குங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

மகள் சிரித்துவிட்டாள். "ஃபில்டர் விஷயத்துல அப்பாகிட்டப் பேசி ஜெயிச்சவங்க யாருமே இல்ல. பேசாம விட்டுடுங்க" என்று புருஷனிடம் சொன்னாள். மாப்பிள்ளை போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் கடையைப் பூட்டுகிற நேரம். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. விளக்கை அணைத்த பிறகுதான் மாப்பிள்ளையின் ஃபில்டர் ஞாபகம் வந்தது. இருட்டிலேயே உள்ளே போய் அந்த வரிசையிலிருந்து ஒரு பெட்டியை உருவினார். வெளியே பொறுமை நின்றிருந்தான். நாலு கடை தள்ளி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற மெக்கானிக். எந்த வேலையையும் நிதானமாகச் செய்கிறவன் என்பதால் அந்தப் பெயர். "அண்ணே, மருந்துக்கடைக்காரர் காருக்கும் அதே ஃபில்டர்தான், எனக்கும் ஒண்ணு" என்றான். அதே வரிசையிலிருந்து இன்னொன்றை உருவி அவனிடம் கொடுத்தார். இரண்டையும் போல்ட்டில் திருகிப் பார்க்கவில்லை. எத்தனையோ நூறு தடவை கொடுத்த சரக்கு, கைக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் சாக்கை விரித்து காருக்கு அடியில் படுத்தார். கடைக்காரராக ஆன பிறகு அவர் காருக்கு அடியில் படுத்தது அன்றைக்குத்தான். பழைய எண்ணெய் தாராகக் கறுத்து இறங்கியது. பழைய ஃபில்டரைக் கழற்றிச் சாக்கின் ஓரத்தில் உருட்டிவிட்டு, புதியதன் ரப்பரில் எண்ணெய் தடவி ஏற்றினார்.

"பாருங்க மாப்பிள்ளை, விரலால சுண்டி விட்டாப் போதும், தானா ஏறுது."

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். "அவ்வளவு லேசா ஏறலாமா மாமா?"

"நல்ல சரக்குன்னா அப்படித்தான் ஏறும்" என்றார் கடைக்காரர்.

கடைசியில் இறுக்கும்போது இறுகத்தான் செய்தது. எண்ணெய் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, கீழே காகிதம் விரித்துக் கால்மணி நேரம் பார்த்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். அவள் குழந்தையின் கையைப் பிடித்துத் தாத்தாவுக்கு டாட்டா காட்டவைத்தாள். அந்த நிமிஷத்தில் அவரைவிடச் சந்தோஷமான மனுஷன் அந்தத் தெருவில் இல்லை.

திங்கட்கிழமை எட்டரைக்கு அவர்கள் கிளம்பிப் போனார்கள். பத்தரைக்குப் பொறுமை கடைக்கு வந்தான். மேசையில் ஒரு ஃபில்டரை வைத்துவிட்டு, சாவகாசமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அண்ணே, இதை மாத்திக் குடுங்க."

"என்னடா ஆச்சு?"

"ஆடுது."

"ஆடுதா? நீ போடத் தெரியாமப் போட்டிருப்ப."

"நானும் முதல்ல அப்படித்தாண்ணே நினைச்சேன். மூணு தடவை ஏத்தி இறக்கினேன். ரொம்ப லேசா ஏறுது. அவ்வளவு லேசா ஏறக் கூடாதே."

கடைக்காரர் ஃபில்டரை எடுத்து, அந்தக் காருக்குரிய இரண்டாவது போல்ட்டில் வைத்துத் திருகினார். சுண்டிவிட்டதும் கிறுகிறுவென்று ஏறியது. பிடித்து ஆட்டிப் பார்த்தார். விழப்போகிற பல்லைப் போல ஆடியது. கழற்றி மூன்றாவது போல்ட்டில் வைத்தார். அது கொஞ்சம் தடித்த போல்ட். முரண்டு பிடித்து, கச்சிதமாக ஏறி உட்கார்ந்தது.

போன வாரம் வந்த புதுச் சரக்கை அடுக்கியது அவர்தான். இரண்டு அளவும் ஒரே கம்பெனி, ஒரே நிறப் பெட்டி, ஒரே உயரம். மூன்றாவது போல்ட்டுக்கு உரியதை இரண்டாவதின் வரிசையில் வைத்துவிட்டார். சொந்தக் கை.

"இதோட ஒரு நாள் ஓடியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டார். பதில் தெரியாமல் கேட்கவில்லை. வேறு யாராவது வேறு மாதிரி சொல்லிவிட மாட்டார்களா என்று கேட்டார்.

"சமதரையில ஓடும்ணே. ரப்பர் பிடிச்சுக்கறதால இறுகின மாதிரியே தெரியும். ஆனா மரையில பிடிப்பு இல்லையே. மேட்டுல ஏறி இன்ஜின் முக்கும் பாருங்க, அப்ப எண்ணெய் உள்ளேருந்து தள்ளும். மரையை உரிச்சுக்கிட்டு ஃபில்டர் கழண்டுடும். அப்புறம் இருக்கற எண்ணெய் பூரா ரோட்லதான். இன்ஜின் செத்துடும். எண்ணெய் டயர்ல பட்டுதுன்னா வண்டியும் நிக்காது." பொறுமை காதைக் குடைந்துகொண்டே சொல்லி முடித்துவிட்டு, நிமிர்ந்து பார்த்தான். "ஆமா, அன்னிக்கு ரெண்டு பெட்டி எடுத்தீங்களே. இன்னொண்ணு?"

கடைக்காரர் ஃபில்டரைப் போல்ட்டிலேயே விட்டார். போனை எடுத்து மாப்பிள்ளையின் எண்ணைத் தேடுவதற்குள் விரல் நாலு தடவை வழுக்கியது.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார் மாப்பிள்ளை. "சொல்லுங்க மாமா."

"எங்க இருக்கீங்க?"

"மலையடிவாரத்துல. டீ குடிச்சிட்டு இருக்கோம். பாப்பா தூங்கிட்டா. இனிமேதான் மேல ஏறணும்."

அப்பாடா என்று இருந்தது. ஏறவில்லை. நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஃபில்டர் தப்பு, அங்கேயே இருங்கள், நான் வருகிறேன். வாயைத் திறந்தார். பின்னால் மகள் ஏதோ சொல்லிச் சிரிப்பது போனில் கேட்டது.

"கார் எப்படி ஓடுது?" என்றார்.

"நல்லா ஓடுது மாமா."

"இல்ல, மேல ஏறறதுக்கு முன்னாடி எண்ணெய் அளவை ஒரு தடவை பார்த்துக்கங்க. குச்சியை இழுத்துத் துடைச்சிட்டு..."

"காலையில கிளம்பறப்ப பார்த்தேன், சரியா இருந்துது." மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "ஏன் மாமா, ஃபில்டர்ல ஏதாவது சந்தேகமா?"

இதைவிட நேராக ஒருத்தர் கேட்க முடியாது. கதவை அகலத் திறந்துவைத்து உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்ட மாதிரி கேட்டார். கடைக்காரர் போனை மறு காதுக்கு மாற்றினார். ஸ்டூலிலிருந்து பொறுமை வேறு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சேச்சே. நான் போட்ட ஃபில்டர்ல என்ன சந்தேகம்? சும்மாதான் கேட்டேன். பார்த்துப் போங்க."

"சரி மாமா. வச்சிடட்டுமா?"

வைத்துவிட்டார்.

பொறுமை எழுந்து நின்றான். அவன் அவ்வளவு வேகமாக எழுந்து யாரும் பார்த்ததில்லை. "அண்ணே, என்னண்ணே இது? மாப்பிள்ளை கார்லயா? சொல்லுங்கண்ணே. திரும்பப் போடுங்க போனை."

"எப்படிடா சொல்றது? நேத்துத்தான் அவர்கிட்ட அப்படிப் பேசினேன்."

"பேசினா என்னண்ணே? குழந்தை இருக்குல்ல கார்ல."

போட்டார். எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி போட்டார். மறுபடியும் அதே குரல், அதே மரியாதை. மலையில் ஏறிவிட்டால் உச்சி வரைக்கும் சிக்னல் கிடையாது, எல்லாருக்கும் தெரிந்த விஷயம். யோசித்துக்கொண்டு நின்றது நாலு நிமிஷம்கூட இருக்காது. அந்த நாலு நிமிஷத்தில் அவர்கள் டீ குடித்து முடித்துவிட்டார்கள்.

மகளின் போனுக்கு அடித்தார். உடனே எடுத்தார்கள். உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"என்னங்க?" என்றது மனைவியின் குரல். "போனைச் சார்ஜ்ல போட்டு இங்கேயே மறந்து வச்சிட்டுப் போயிட்டா உங்க பொண்ணு. ஏன் ஒரு மாதிரியா மூச்சு விடறீங்க? எதுவும் ஆயிடுச்சா?"

கால்மணி நேரத்தில் பொறுமையின் வேன் கிளம்பிவிட்டது. பின்னால் ஐந்து லிட்டர் எண்ணெய் கேன், ஸ்பானர் பை, ஒரு கட்டு பழைய துணி. இந்தத் தடவை கடைக்காரர் சரியான ஃபில்டரை இரண்டாவது போல்ட்டில் மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டார். பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நடுவில் மனைவி. சமைத்ததைப் பாதியில் இறக்கிவைத்துவிட்டு, கட்டியிருந்த சேலையோடு வந்து ஏறியிருந்தாள். ஒரு கையில் மகளின் போன். நிமிஷத்துக்கு ஒரு தடவை மாப்பிள்ளைக்கு அடித்து, அந்தப் பெண் குரலைக் கேட்டு, கீழே இறக்கினாள்.

வெயில் புழுங்கி எடுத்தது. காற்று அசையவில்லை. தூரத்தில் மலைக்கு மேல் மட்டும் வானம் கருத்திருந்தது.

"தம்பி, கொஞ்சம் அழுத்திப் போக முடியாதா?" என்றாள் மனைவி.

"எழுபதுல போறேன் அண்ணி. இந்த வண்டி எழுபதைப் பார்த்ததே இன்னிக்குத்தான்."

பிறகு அவள் புருஷன் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"போன்ல மாப்பிள்ளைகிட்ட என்ன சொன்னீங்க?"

"எண்ணெய் அளவு பார்த்துக்கங்கன்னு சொன்னேன்."

"ஃபில்டர் தப்புன்னு சொன்னீங்களா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன். சொன்னீங்களா, இல்லையா?"

"சொல்லலாம்னுதான் போட்டேன். வாய் வரல."

"வரலையா? இருபத்தேழு வருஷமா அந்த வாய் என்னைத் தூங்கவிட்டதில்ல. தெருவுல போறவனை நிறுத்தி நிறுத்திப் பேசும். இன்னிக்கு மட்டும் வரலையா?"

"அவரே கேட்டார். சந்தேகமான்னு. இல்லன்னுட்டேன்."

பொறுமை சாலையைக் கண் கொட்டாமல் பார்த்து ஓட்டினான். மனைவி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மரை கழண்டது ஃபில்டருக்கு மட்டும்தான்னு இவ்வளவு நேரம் நினைச்சிட்டு இருந்தேன்" என்றாள் தணிந்த குரலில். "குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா, என் முகத்துல முழிக்காதீங்க."

போன் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அடிவாரத்து டீக்கடையில் நிறுத்திக் கேட்டார்கள். ஆமாம், வெள்ளைக் கார், கைக்குழந்தை, போய் ஒன்றரை மணி நேரம் இருக்கும் என்றான் டீ போடுகிறவன். வேன் மலையில் ஏறியது. கடைக்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு தார் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்றாவது வளைவு வரைக்கும் ஒன்றும் இல்லை. நாலாவது தாண்டியதும் ஒரு சொட்டு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

"நிறுத்துடா."

இறங்கி, குனிந்து விரலால் தொட்டார். இந்த ரோட்டில் தினமும் நூறு லாரி எண்ணெய் சிந்திக்கொண்டு போகிறது, இது யாருடையதாகவும் இருக்கலாம் என்று மனசு சமாதானம் தேடியது. விரலை வெளிச்சத்தில் பிடித்தார். கறுக்கவில்லை. தேன் நிறம். ஒரு நாள்கூட ஓடாத புது எண்ணெய். நேற்றுக் காலையில் அவர் கையால் ஊற்றியது.

ஐந்தாவது வளைவில் சொட்டுகள் கைக்கெட்டும் தூரத்துக்கு ஒன்றாக விழுந்திருந்தன. ஆறாவதில் கோடாக மாறியிருந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தூறல் என்று ஆரம்பித்து, எண்ணுவதற்குள் கொட்டியது. ரோட்டில் எண்ணெய் ஏழு நிறமாக விரிந்து மழைத் தண்ணீரோடு இறங்கிப் போயிற்று. அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை. இனி எந்த வளைவில் எது காத்திருக்கிறதோ என்று கும்மிருட்டில் போகிற மாதிரிப் போனார்கள்.

எதிரே ஒரு லாரி மெல்ல இறங்கி வந்தது. பொறுமை கையை நீட்டி நிறுத்தினான்.

"அண்ணே, மேல ஏதாவது வெள்ளைக் காரு நிக்குதா?"

"எட்டாவது வளைவுல ஏதோ கூட்டமா நிக்கறாங்கப்பா. பஸ் ஒண்ணு நிக்குது. மழையில சரியாத் தெரியல" என்று சொல்லிவிட்டு லாரிக்காரர் போய்விட்டார்.

கூட்டம் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மனுஷன் என்னென்னவெல்லாம் நினைக்கலாமோ அத்தனையும் நினைத்தார் கடைக்காரர். மனைவி அவருடைய முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. வலித்தது. எடுக்கச் சொல்லவில்லை.

எட்டாவது வளைவில் கார் குறுக்காகத் திரும்பி, பின்பக்கம் தடுப்புச் சுவரில் இடித்து நின்றிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் மூட்டம். காருக்கு ஒரு கை தூரத்தில் ஒரு பஸ். பஸ்ஸில் வந்தவர்கள் சக்கரங்களுக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். பஸ் டிரைவர் யாரிடமோ, "இன்னும் ஒரு செகண்டு நான் பிரேக்கை மிதிக்கலைன்னா கதை முடிஞ்சிருக்கும்" என்று நாலாவது தடவையாகவோ ஐந்தாவது தடவையாகவோ சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் பஸ்ஸின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் துண்டால் சுற்றிய குழந்தை. அது விழித்துக்கொண்டு, மழையைப் பார்த்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. மனைவி ஓடிப் போய்க் குழந்தையின் தலை, கை, கால் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள். மகள் அழவில்லை. பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தாள்.

கடைக்காரர் மழையில் நின்றார். ஃபில்டர் பெட்டி நனையாமல் சட்டைக்குள் இருந்தது.

மாப்பிள்ளைதான் அவரைப் பார்த்துவிட்டு வந்தார். முழங்கை வரைக்கும் எண்ணெய். "மாமா? நீங்க எப்படி இங்க? நாங்க இன்னும் யாருக்கும் சொல்லவே இல்லையே. சிக்னலே கிடைக்கல." பேசிக்கொண்டே வந்தவர், பொறுமையின் கையில் இருந்த எண்ணெய் கேனைப் பார்த்தார். சட்டைக்குள் புடைத்திருந்த பெட்டியைப் பார்த்தார். குரல் இறங்கியது. "பாப்பா அழுதுதுன்னு கீழ் வளைவுல ஒரு மணி நேரம் நின்னுட்டோம். அப்புறம் ஏறறப்ப எண்ணெய் விளக்கு சிவப்பா எரிஞ்சுது, உடனே இன்ஜினை நிறுத்திட்டேன் மாமா. அதுக்குள்ள பின் டயர் வழுக்கிடுச்சு." எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்தார். "நீங்க போன் பண்ணினப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் கடைக்காரர்.

"நான் கேட்டேனே மாமா."

"கேட்டீங்க. ஃபில்டர் தப்பு. நான்தான் மாத்தி அடுக்கிட்டேன், திருகிப் பார்க்காமக் கொண்டுவந்து போட்டேன். போன்ல சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உங்க முன்னாடி சின்னவனா ஆயிடுவேன்னு இருந்துது. பொய் சொல்லிட்டேன்." மழைச் சத்தத்தில் அவருடைய குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் பஸ் படிக்கட்டில் இருந்த மகளுக்குக் கேட்டுவிட்டது.

மாப்பிள்ளை காருக்குப் போனார். டிக்கியைத் திறந்து, துணிப்பைகளுக்கு அடியில் கையைவிட்டு ஒரு பெட்டியை எடுத்தார். புது ஃபில்டர். கடைக்காரர் தன் சட்டைக்குள்ளிருந்து எடுத்த பெட்டியில் இருந்த அதே எண்தான் அதிலும் இருந்தது.

மகள் குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள். "இது எங்கேருந்து வந்துது?"

"நாம வர்றதுக்கு முன்னாடியே வாங்கிட்டேன். அங்கேயே மாத்திக்கலாம்னு. மாமா அவர் கையால போடறேன்னு சொன்னதும், எப்படி எடுத்து நீட்டறது?" மாப்பிள்ளை தரையைப் பார்த்துப் பேசினார். "நேத்து அவ்வளவு லேசா ஏறினப்ப எனக்கும் உறுத்திச்சு. அவருக்கு மனசு கஷ்டமாகும்னு விட்டுட்டேன். வழியெல்லாம் அந்த விளக்கையே பார்த்துட்டுத்தான் ஓட்டினேன்."

மகள் புருஷனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "அவர் மனசு நோகக் கூடாதுன்னு நீங்க. தன் கௌரவம் போயிடக் கூடாதுன்னு அவர். பின்சீட்ல குழந்தை படுத்திருந்தது ரெண்டு பேருக்கும் ஞாபகம் இல்ல." முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டாள். "பேசாம விட்டுடுங்கன்னு சொன்னவ நான். என்னையும் சேர்த்துத்தான் சொல்லணும்."

பஸ் போய்விட்டது. போகும் முன் பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து காரைத் திருப்பி ஓரத்தில் விட்டுப் போனார்கள். மழை கொஞ்சம் விட்டிருந்தது. கடைக்காரர் வேனில் கிடந்த ஒரு சாக்கை எடுத்துக் காருக்கு அடியில் விரித்தார். ஒரு முழங்காலை ஊன்றினார்.

"நீங்க தொட வேண்டாம்ப்பா" என்றாள் மகள்.

அவர் முழங்காலை ஊன்றியபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"இவர் போடட்டும். இவர் வாங்கினதையே போடட்டும்."

இரண்டும் ஒரே ஃபில்டர்தான், ஒரே எண்தான் என்று சொல்ல வந்தார். சொல்லவில்லை. எழுந்து ஒதுங்கினார். மாப்பிள்ளை அடியில் படுத்தார். பக்கத்தில் பொறுமை குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எதைத் துடைக்க வேண்டும், எதைத் தடவ வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். மரை உரிந்த ஃபில்டர் கையோடு வந்தது. நல்லவேளை, இன்ஜின் பக்கத்து மரைக்கு ஒன்றும் ஆகவில்லை. புதியது முரண்டு பிடித்துத்தான் ஏறியது. அந்தச் சத்தத்தைத் தள்ளி நின்றே கேட்டுக்கொண்டிருந்தார் கடைக்காரர். நாள் முழுக்க அவர் காதில் விழுந்த நல்ல சத்தம் அது ஒன்றுதான்.

எண்ணெய் ஊற்றி இன்ஜினைக் கிளப்பினார்கள். இரும்பு இரும்போடு மோதுகிற மாதிரி இரண்டு மூன்று விநாடி தடதடத்தது. பொறுமை குனிந்து அடியில் பார்த்தான். பிறகு சத்தம் அடங்கியது. சிவப்பு விளக்கும் அணைந்தது.

"ஏறு, போகலாம்" என்றார் மாப்பிள்ளை.

மகள் அசையவில்லை. "நான் இதுல ஏற மாட்டேன். குழந்தையையும் ஏத்த மாட்டேன்."

"அதான் சரியாப் போட்டாச்சே."

"நேத்தும் சரியாத்தான் போட்டோம்னு எல்லாரும் சொன்னீங்க."

மனைவி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"நீயும் அம்மாவும் வேன்ல வாங்க" என்றார் கடைக்காரர். "நான் கார்ல போறேன். உங்க வீடு வரைக்கும்."

மகள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். போய் வேனில் ஏறிக்கொண்டாள்.

"காரு முன்னால போகட்டும் அண்ணே. நான் பின்னால மெதுவா வர்றேன். ஒரு சொட்டு விழுந்தாலும் விளக்கடிச்சுக் காட்டறேன்" என்றான் பொறுமை.

கடைக்காரர் மாப்பிள்ளைக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். உள்ளே பால் வாடையும் எரிந்த எண்ணெய் வாடையும் கலந்திருந்தது. நனைந்த சட்டை முதுகில் ஒட்டியது. கார் ஒரு உறுமலோடு வளைவில் திரும்பி மேட்டில் ஏறியது. ஒன்பதாவது வளைவுதான் அந்த மலையிலேயே செங்குத்து. இன்ஜின் முக்க ஆரம்பித்ததும் அவர் முழங்கால் இரண்டும் தானாக ஆடின. கையால் அழுத்திப் பிடித்தார். விளக்கு இருக்கும் இடத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. இடது பக்கம் சுவர், சுவருக்கு அப்பால் ஒன்றும் இல்லை. இந்த மேட்டில்தான் அந்தக் குழந்தையை அனுப்பினோம் என்று அப்போதுதான் முழுசாக உறைத்தது.

மாப்பிள்ளை ஓரக்கண்ணால் அவர் முழங்காலைப் பார்த்தார்.

"பயமா இருக்கா மாமா?"

"ஆமா மாப்பிள்ளை" என்றார். "ரொம்ப பயமா இருக்கு."

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். கியரைக் குறைத்து, இன்னும் மெதுவாக ஏற்றினார்.